பழைய ஃபிரிட்ஜைக் கொஞ்சம் பொறுத்து எடுக்கலாம்

கடைசியா அவளை உயிரோட பார்த்தது இந்த ஃபிரிட்ஜுக்கு முன்னாடிதான் தம்பி. அதனாலதான் சொல்றேன், பிளக்கைத் தொடாதீங்க. கைய எடுங்க. எடுத்துட்டீங்களா? ரொம்ப சந்தோஷம். இப்ப உக்காருங்க. அதுல வேணாம், அது ஆடும். இதுல உக்காருங்க.

இல்லல்ல, திருப்பி எடுத்துட்டுப் போங்கன்னு நான் சொல்லவே இல்ல. புதுசு வரட்டும், தாராளமா வரட்டும். என் மக எங்கேயோ உக்காந்துக்கிட்டு போன்லயே புக் பண்ணியிருக்கா, பழசைக் குடுத்தாதான் புதுசுன்னு பேசியிருக்கா, எல்லாம் எனக்கும் தெரியும். குடுக்கிறேன். நாலு மணிக்குக் குடுக்கிறேன். மாடியில ஒரு பொண்ணு குடியிருக்கு, அது நாலு மணிக்கு வந்துரும். அது வர்ற வரைக்கும் இது ஓடிக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான் நான் கேக்கிறது. இப்ப மணி என்ன? மூணு அடிக்கப் போகுதா? பாருங்க, பேசிக்கிட்டே இருந்தா ஓடிரும்.

புதுசை உடனே ஆன் பண்ணிக்கலாமேங்கிறீங்களா? நல்லா இருக்கே கதை. வண்டியில சாய்ச்சு வெச்சுக் கொண்டாந்த ஃபிரிட்ஜை நாலு மணி நேரம் நிக்க விட்டுத்தான் ஆன் பண்ணணும்னு இப்பதானே நீங்களே வாசல்ல சொன்னீங்க? உள்ள இருக்கிற எண்ணெய் இறங்கணும்னீங்க. அந்த நாலு மணி நேரம் என் வீட்டுல குளிருக்கு நான் எங்க போறது?

என்னங்க பெருசா இருக்கப்போகுதுன்னா... கீழ ஒண்ணுமில்ல. ரெண்டு தக்காளி, ஒரு பால் பாக்கெட்டு, பாதி எலுமிச்சம்பழம். அதையெல்லாம் நீங்களே எடுத்து வெளிய வைங்க, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். மேல் கதவை மட்டும் திறக்காதீங்க.

ம்? ஆமா, என் வீட்டுக்காரிதான். இந்த இடத்துலதான் நின்னா. அவளுக்கு ஒரு பழக்கம். ஃபிரிட்ஜைத் திறந்து வெச்சுக்கிட்டு எதுக்குத் திறந்தோம்னு யோசிப்பா. வெயில் காலமா இருந்தா யோசனை ரொம்ப நேரம் போகும். அன்னைக்குக் காலையில பதினோரு மணி இருக்கும். நான் சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி வாங்கக் கிளம்பிட்டேன். வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே கேட்டேன், நேத்து ராத்திரி மாத்திரை போட்டியா? போட்டேன்னா. பொய் சொல்லாதன்னேன். அவ எலுமிச்சம்பழத்தை எடுத்து மோந்து பார்த்துக்கிட்டு நின்னா. இருவது நிமிஷம், தம்பி. பேட்டரியோட வந்தேன். தரையில கெடக்கா. ஃபிரிட்ஜ் கதவு திறந்தபடியே இருக்கு, உள்ள லைட்டு எரியுது.

ஆஸ்பத்திரியில மூணு நாள் இருந்தா. நெஞ்சு ஏறி இறங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. உயிரோடதானே இருக்கான்னு கேட்டேன். அது அவங்க இல்லைய்யா, மெஷின்னாரு டாக்டரு. கை சூடா இருக்கேன்னேன். அதுவும் மெஷின்தான்னாரு. அதனாலதான் கணக்கா சொல்றேன், உயிரோட கடைசியா பார்த்தது இங்க. அங்க பார்த்தது மெஷினை.

தண்ணி குடிக்கிறீங்களா? ஃபிரிட்ஜ் தண்ணி இல்ல, பானைத் தண்ணி. கதவை அடிக்கடி திறக்கக் கூடாதுன்னு வெச்சிருக்கேன்.

அப்புறம் காகிதம் கொண்டாந்தாங்க. நானும் மகளும் கையெழுத்துப் போட்டோம். ரெண்டு கிட்னி, ரெண்டு கண்ணு. யாருக்கோ போச்சு, நல்லா இருக்கட்டும். ஈரலை மட்டும் வேணாம்னுட்டாங்க. கொழுப்பு படிஞ்சிருக்காம், இன்னொருத்தருக்கு வெக்க முடியாதாம். வேணும்னா ஆராய்ச்சிக்குக் குடுக்கிறீங்களான்னு இன்னொரு காகிதம். அதுலயும் போட்டேன். ஆனா பாருங்க, அந்த நேரத்துல எனக்கு அழுகை வரல தம்பி, கோவம்தான் வந்துச்சு. மூணு வருஷமா கொழுப்பு மாத்திரை போட்டவளுக்கு மூளையில அடைப்பு, ஈரல்ல கொழுப்பு! நான் அப்பவே சொன்னேன்ல, இவ மாத்திரையைப் போடவே இல்லன்னு!

அதைத்தான் சொல்ல வர்றேன். எங்களுக்குள்ள சண்டைன்னா அந்த ஒரு மாத்திரைதான். ராத்திரி சாப்பிட்டதும் ஒண்ணு. போட்ட நாள்லேருந்து தொடை வலிக்குதும்பா. டாக்டர்கிட்ட போய், நீங்க குடுக்கிற மாத்திரை பூரா என் காலுக்குத்தான் போகுது, போக வேண்டிய இடத்துக்குப் போகலன்னா. அவரு சிரிச்சாரு. அவரு சிரிச்சதால நானும் சிரிச்சேன். ஆறு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் எடுத்துப் பார்த்தா கொழுப்பு இம்மி கூட இறங்கல. டாக்டரு என்னைத் தனியா கூப்பிட்டு, வீட்டுல கொஞ்சம் கவனிச்சுக்குங்க, சில பேரு துப்பிடுவாங்கன்னாரு. அவ்வளவுதான், நான் போலீஸ் ஆயிட்டேன். வாயத் திற, நாக்கைத் தூக்குன்னு அவளை நிக்க வெச்சுப் பார்த்திருக்கேன். பால்கனியில ஒரு பூந்தொட்டி இருந்துச்சு, ஒரு நாள் அவ குளிக்கப் போனப்ப கரண்டியை வெச்சு அடி வரைக்கும் தோண்டினேன். ஒரு சட்டைப் பட்டன்தான் கிடைச்சுது. அப்பவாவது நம்பினேனா? இடத்தை மாத்திட்டா போலிருக்குன்னு நினைச்சேன்.

மாடிப் பொண்ணா? அது ஆராய்ச்சி படிக்குது. ஈரல்லதான் ஆராய்ச்சி. என் வீட்டுக்காரி வெச்ச பேரே ஈரல் பொண்ணு. ஈரல் பொண்ணு வந்துருச்சா, ஈரல் பொண்ணு சாப்பிட்டுச்சான்னு. அது எங்களை அத்தை மாமான்னு கூப்பிடும். அந்தப் பொண்ணுக்கு மேடையில பேசணும்னா பயம். அதனால இந்த மேசையில எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேசிப் பழகும். ரெண்டு வருஷம் கேட்டதுல பாதி நானே ஒப்பிப்பேன்.

சொல்லவா? ஈரல்ல இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சுவர் இருக்குங்க. சுவத்துல கதவு மாதிரி புரதம் பதிச்சிருக்கு. ரத்தத்துல மிதந்து வர்ற மாத்திரையைப் பிடிச்சு உள்ள இழுத்துப் போடுறதுக்கு முன்பக்கம் ஒரு கதவு. வேலை முடிஞ்சதைப் பித்தத்துல தள்ளி விடுறதுக்குப் பின்பக்கம் ஒரு கதவு. இதுங்க ஒவ்வொரு ஆளுக்கும் எவ்வளவு இருக்கு, எவ்வளவு வேகமா வேலை செய்யுதுங்கிறதுதான் அந்தப் பொண்ணோட படிப்பு. இதைக் கேட்டுட்டு என் வீட்டுக்காரி என்ன கேட்டா தெரியுமா? முன்னாடி ஒருத்தன் வாங்க வாங்கன்னு கூப்பிடுறான், பின்னாடி ஒருத்தன் போங்க போங்கன்னு தள்ளுறான், நடுவுல வேலை செய்யறது யாரு, பொம்பளையா? அந்தப் பொண்ணு சிரிச்ச சிரிப்புல காப்பி மூக்கால வந்துருச்சு.

கீழ ஹாரன் அடிக்கிறாங்களா? அடிக்கட்டும். வண்டியில இருக்கிறவர்கிட்ட சொல்லுங்க, பெரியவரு பிளக்கைத் தேடிக்கிட்டிருக்காருன்னு.

அவ போய் ரெண்டு மாசம் இருக்கும். அந்தப் பொண்ணு கீழ வர்றதே நின்னு போச்சு. படியில பார்த்தா தலையக் குனிஞ்சுக்கிட்டு ஓடும். வாடகைக்கு வீடு வேற எங்கேயாவது பார்க்குதோன்னு நினைச்சு ஒரு நாள் மறிச்சுக் கேட்டேன். படியிலேயே உக்காந்து அழ ஆரம்பிச்சுருச்சு. மாமா, அத்தை எங்க லேபுக்கு வந்திருக்காங்கன்னுச்சு.

எப்பன்னு கேட்டேன் தம்பி. அந்த வாரமே வந்துட்டாங்க மாமா, இப்ப டேங்க்ல இருக்காங்கன்னுச்சு. அப்புறம்தான் விளக்கமா சொல்லுச்சு. யாருக்கும் வெக்க முடியாத ஈரலை அவங்க லேபுக்கு அனுப்புவாங்களாம். அதைச் செல்லு செல்லாப் பிரிச்சு, சின்னச் சின்னக் குப்பியில போட்டு, புகை கக்குற டேங்க்ல முக்கி வெப்பாங்களாம். அந்தக் குளிர்ல செல்லு சாகாம தூங்குமாம், எழுப்பினா எந்திரிக்குமாம். குப்பியில பேரு இருக்காது. நம்பரு, ஆணா பொண்ணா, வயசு. அந்த வாரம் வந்தது ஒண்ணே ஒண்ணு. பெண், அம்பத்தெட்டு. இருவத்து மூணாம் நம்பர். என்னால அத்தையைத் தொட முடியல மாமா, நம்பர் இருவத்து நாலுலேருந்து செஞ்சுக்கிட்டிருக்கேன்னு அழுவுது.

நான் திட்டினேன். ஆமா, திட்டத்தான் செஞ்சேன். அவ வாழ்க்கையில ஒரு நாள் சும்மா உக்காந்ததில்ல, அவளைப் போய் ரெண்டு மாசமா டேங்க்ல சும்மா வெச்சிருக்கியே, உனக்கு நியாயமா இருக்கான்னு கேட்டேன். நாளைக்கே எடுன்னேன். எடுத்துச்சு. தினமும் சாயங்காலம் வந்து தகவல் சொல்லும். மாமா, அத்தை இன்னைக்கு நல்லா எந்திரிச்சாங்க, நூத்துக்குத் தொண்ணூறு செல்லு உயிரோட இருக்கு. எனக்குப் பெருமையாப் போயிடும். மத்தவங்கெல்லாம் எப்படின்னு கேப்பேன். பதினெட்டாம் நம்பர் எழுவதுதான் மாமாங்கும். பாவம், யாரு பெத்த பிள்ளையோ.

நாலு மாசம் கழிச்சு ஒரு நாள் காகிதத்தோட வந்துச்சு. வரிசையா கம்பு நட்ட மாதிரி படம். எல்லாக் கம்பும் இடுப்பு உயரம் நிக்குது, ஒண்ணு மட்டும் முழங்காலுக்குக் கீழ. இதுதான் அத்தைன்னுச்சு. என்னடி இவ்வளவு குட்டையா இருக்கான்னு கேட்டேன். அவங்களுக்கு முன்கதவு பிறவியிலேயே சரியில்ல மாமா. அந்த மாத்திரையை மூணுல ஒரு பங்குதான் உள்ள வாங்குது.

மிச்சம் எங்க போகும்?

ரத்தத்துலயே சுத்தும் மாமா. சதைக்குப் போகும். வலிக்கும். முக்கியமா தொடையில.

ம். அதேதான் தம்பி. அவ டாக்டர்கிட்ட சொன்னாளே, அதேதான். மூணு வருஷமும் ஒரு நாள் விடாம போட்டிருக்கா. நான்தான் நாக்கைத் தூக்கச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

மன்னிப்பு கேக்கணும்ல? படத்துகிட்ட கேக்கலாம், சுவத்துல மாட்டியிருக்கு. ஆனா நல்லா யோசிச்சுப் பாருங்க, படம் வெறும் காகிதம். அங்க லேபுல ஆளு உயிரோட இருக்கும்போது காகிதத்துகிட்ட எதுக்குக் கேக்கணும்? மறுநாள் சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டு கிளம்பிட்டேன். அந்தப் பொண்ணு எவ்வளவோ தடுத்துச்சு. கடைசியில மதியம் எல்லாரும் சாப்பிடப் போற நேரத்துல உள்ள விட்டுச்சு. தலைக்கு ஒரு தொப்பி, கைக்கு உறை, காலுக்கும் உறை. கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு அலங்காரம் பண்ணிக்கல.

மைக்ராஸ்கோப்ல பார்க்கச் சொல்லிச்சு. எனக்கு முதல்ல என் இமை மயிருதான் தெரிஞ்சுது. அப்புறம் தெரிஞ்சா. வட்டத் தட்டு. தனித்தனியா பிரிச்சுக் கொட்டின செல்லுங்க, நாலு நாள்ல தானா ஒண்ணையொண்ணு தேடிப் போய் ஒட்டிக்கிச்சாம். ஒட்டின இடத்துல நடுவுல பளபளன்னு சின்னச் சின்ன வாய்க்கா. பித்தம் போறதுக்கு அதுங்களே வெட்டிக்கிட்டதாம். யாரும் சொல்லிக் குடுக்கல. பார்த்ததும் எனக்கு அவதான்னு சந்தேகமே இல்லாம போச்சு. அவளும் அப்படித்தான், பஸ்ஸுல ஏறி ரெண்டு ஸ்டாப் போறதுக்குள்ள பக்கத்து சீட்டுக்காரங்களோட சொந்தமாயிடுவா.

நான் கேட்டேன், தம்பி. சத்தமாவே கேட்டேன். நீ பொய் சொல்லல, நான்தான் மடையன், மாத்திரை காலுக்குத்தான் போயிருக்கு, மன்னிச்சுக்கன்னு. மைக்ராஸ்கோப்பைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். நிமிர்ந்து பார்த்தா பின்னாடி அந்தப் பொண்ணோட புரொபசர் நிக்கிறாரு, கையில சாப்பாட்டு டப்பாவோட.

ஐயா யாருன்னாரு. நான் இவங்க வீட்டுக்காரருன்னு தட்டைக் காட்டினேன்.

டப்பா கீழ விழுந்துருச்சு.

அதுக்கப்புறம்தான் கூத்து. ஈரல் குடுத்தவங்க யாருன்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்குத் தெரியவே கூடாதாம், அது பெரிய சட்டமாம். தெரிஞ்சு போனா அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அந்தப் பொண்ணோட புத்தகத்துல மூணாவது அத்தியாயத்தையே கிழிச்சுப் போடணும், பட்டமே ஒரு வருஷம் தள்ளிப் போகும். கமிட்டி கூப்பிட்டாங்க. அஞ்சு பேரு. ஒரு வக்கீலம்மா, மூணு டாக்டரு, இன்னொருத்தர் என்னன்னு தெரியல, தூங்கிக்கிட்டிருந்தாரு. ரெண்டு மணி நேரம் அவங்களுக்குள்ளயே பேசினாங்க. கடைசியில வக்கீலம்மா ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. பெரியவரே, இருவத்து மூணாம் நம்பர் யாருன்னு உங்களுக்குத் தெரியாதுன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. உங்களுக்கே தெரியலன்னா அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?

தெரியுமேம்மான்னேன்.

தெரியும்ங்கிறதுக்கு ஆதாரம் இருக்கான்னு கேட்டாங்க. குப்பியில பேரு இருக்கான்னாங்க. அந்தப் பொண்ணு கதவுகிட்ட நின்னுக்கிட்டு நகத்தைக் கடிக்குது. முகத்துல ரத்தமே இல்ல. அஞ்சு வருஷப் படிப்பு. நான் போட்டேன் தம்பி. முப்பத்தி நாலு வருஷம் குடும்பம் நடத்தினவளை யாருன்னே தெரியாதுன்னு மூணு பிரதியில எழுதிக் குடுத்தேன். வக்கீலம்மா எந்திரிச்சு என் கையப் பிடிச்சு, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தருக்காக இவ்வளவு தூரம் வந்தீங்களே, பெரிய மனசு உங்களுக்குன்னாங்க. தூங்கினவரும் முழிச்சுக்கிட்டு கை தட்டினாரு.

சிரிங்க சிரிங்க, நானே சிரிச்சிருக்கேன்.

இந்த மாசம் ஆராய்ச்சி முடிஞ்சுது. அவ குப்பி ஆறு மிச்சம். மிச்சத்தைக் கொதிக்கிற ஆவியில போட்டு அழிச்சுடணும், அதுவும் சட்டம். எனக்குக் குடுங்கன்னு ஆபீஸ்ல போய்க் கேட்டேன். குடுக்கலாமேன்னு விண்ணப்பம் எடுத்து நீட்டினாரு அந்த கிளார்க். முதல் வரியிலேயே, குடுத்தவரோட கையெழுத்து. அவ வர முடியாதேன்னேன். அப்ப புருஷன் போடலாம்னாரு. பேனாவை எடுத்துட்டேன். அதுக்குள்ள அவரு ஃபைலைப் புரட்டிட்டாரு. ஐயா, இங்க உங்களுக்கு இவங்க யாருன்னே தெரியாதுன்னு இருக்கே? புருஷன்னு இப்ப போட்டா அந்தக் கையெழுத்து பொய்யாயிடும், அந்தப் பொண்ணோட அத்தியாயம் போயிடும். எதுக்கும் வீட்டுல கலந்து பேசிட்டு வாங்கன்னாரு. நல்ல மனுஷன். யாரோட கலந்து பேசுறதுன்னு மட்டும் சொல்லல. விண்ணப்பத்தை அவர்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன்.

இன்னைக்குத்தான் அந்தப் பொண்ணுக்குக் கடைசி நேர்காணல். வெளியூர்லேருந்து பெரிய ஆளுங்க வந்து உக்காந்து கேள்வி கேக்குறாங்க. இந்நேரம் மூணாவது அத்தியாயத்துல இருக்கும். முடிச்சுட்டு நாலு மணிக்கு ஐஸ் பெட்டியோட வந்துடறேன் மாமா, அதுவரைக்கும் ஆஃப் பண்ண விடாதீங்கன்னு காலையிலேயே போன் பண்ணிச்சு.

ஆறு குப்பியும் அழிச்சாச்சான்னா... அஞ்சு அழிச்சாச்சு. காகிதத்துல ஆறுன்னுதான் இருக்கும்.

இன்னொண்ணா? அது மேல் தட்டுல இருக்கு தம்பி. ஐஸ் டிரேக்குப் பின்னாடி. போன வாரம் அந்தப் பொண்ணு டீ ஃபிளாஸ்க்குல வெச்சுக் கொண்டாந்து குடுத்துச்சு. குடுக்கும்போதே சொல்லிடுச்சு, மாமா, இதுக்கு வேண்டிய குளிருக்கு உங்க ஃபிரிட்ஜ் பத்தாது, வெச்சதுமே உள்ள இருக்கிறதெல்லாம் செத்துரும், நீங்க ஏமாந்துடக் கூடாதுன்னு. தெரியும்மா, உருகாம இருந்தா போதும்னேன்.

எதிர் வீட்டு ஃபிரிட்ஜுலயா? நல்ல யோசனைதான், எனக்கும் தோணாம இல்ல. ஆனா அந்தம்மாவுக்கும் இவளுக்கும் பதினோரு வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. அங்க எப்படிங்க கொண்டு போய் வெக்கிறது?

யாருக்குப் போன் பண்றீங்க, வண்டிக்கா? அஞ்சு மணிக்கு மேல ஆகும்னு சொல்லிடுறீங்களா? நல்லா இருப்பீங்க. திறந்து பார்க்கிறதுன்னா சீக்கிரம் பார்த்துட்டு மூடிடுங்க. பெருசா ஒண்ணும் இருக்காது. ஒரு மில்லிதான், சுண்டு விரல்ல பாதி இருக்கும்.